ரியூசனா, பேப்பரா, அபகஸா, வீடா: பிள்ளைக்குக் கணக்கில் தைரியம் எங்கே வரும்?

ஒரு வசனக்கணக்கைக் கொடுத்ததும் பிள்ளை அதை முழுதாக வாசித்து முடிக்க முதலே நிமிர்ந்து பார்த்து, "அம்மா, இது கூட்டுறதோ கழிக்கிறதோ?" என்று கேட்கும். அம்மா அடுப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்து "கழி" என்பார். பிள்ளை கழிக்கும், விடை சரியாக வரும், அடுத்த நாள் ரீச்சர் சரி போட்டு விடுவார். ஒருவர் கண்ணிலும் ஒரு குறையும் படாது. பிறகு தரம் 4இல், இரண்டு மூன்று படியாகச் செய்யவேண்டிய கணக்குகள் வரத் தொடங்கும்போது, அதே பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு "எனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லத் தொடங்கும். அப்போதுதான் வீட்டில் பேச்சு எழும். எந்த ரியூசனுக்கு விடலாம், அபகஸ் என்ற மணிச்சட்ட வகுப்பு நல்லதாமே, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு பேப்பர் செய்யுதாமே, நாங்கள் பிந்திவிட்டோமோ?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கொப்பியோடு வந்து இருப்பார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: எதில் சேர்க்கலாம்? படலையடியில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆகவே இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் எதைக் கொண்டு ஒப்பிடப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புள்ளியைக் கொண்டு ஒப்பிட்டால் ஒரு பதிலும், தைரியத்தைக் கொண்டு ஒப்பிட்டால் வேறொரு பதிலும் வரும். 1970களின் கடைசியில் பிரான்சின் கிறெனோபிள் நகரத்தில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஏழு, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கவும் தெரியும். "இதற்கு விடை சொல்ல முடியாதே" என்று சொல்லும் தைரியம்தான் இல்லை. கணக்கு என்றால் எண்களைப் பிடித்து ஏதாவது செய்து ஒரு விடையைக் கொடுத்துவிடுவது என்று பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு தரம் 3 பிள்ளைக்கு இதேபோல ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவும் கூட்டித்தான் சொல்லும்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. நீங்கள் தெரிவு செய்யும் வழியில், உடனே விடை தெரியாத ஒரு கணக்கோடு உங்கள் பிள்ளை எவ்வளவு நேரம் தன் பாட்டில் இருக்கிறது? ஐந்து நிமிடம் இருந்து, ஒரு படத்தைக் கீறி, பிழையாகப் போய், அழித்து, திரும்ப வந்து, கடைசியில் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அடுத்த தெரியாத கணக்கைக் கண்டால் பயம் கொஞ்சம் குறைவாக இருக்கும். தைரியம் அப்படித்தான் சேரும். "உன்னால் ஏலும்" என்று ஆயிரம் தரம் சொன்னாலும் அது வராது.

சரி, ரியூசனில் தொடங்குவோம், யாழ்ப்பாணத்தில் எல்லாப் பேச்சும் அங்கேதான் தொடங்குகிறது.

ரியூசன் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போவது இலகு, அது நியாயமில்லை. ஒரு புதிய வகைக் கணக்கைப் பிள்ளை முதன்முதலாகப் பார்க்கும்போது, அதை ஒருவர் படிப்படியாகச் செய்து காட்டுவது மிகவும் உதவும். அவுஸ்திரேலியாவில் ஜோன் ஸ்வெலர் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைப் பரீட்சித்துக் காட்டியிருக்கிறார்: புதிதாகப் படிப்பவருக்கு, செய்து காட்டப்பட்ட கணக்குகளை ஆராய்வது எடுத்த எடுப்பில் தனியே முட்டி மோதுவதைவிடக் கூடுதல் பலன் தரும். நல்ல ரியூசன் ரீச்சர் ஒருவர் அதைத்தான் செய்கிறார். பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட பாடத்தைப் பிடிக்கவும், வேலையால் பிந்தி வரும் பெற்றோருக்குக் கைகொடுக்கவும் ரியூசன் உதவுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமா "காசைப் பற்றி யோசியாதேங்கோ, நல்ல இடமாப் பாத்து விடுங்கோ" என்று சொல்லும்போது பெற்றோர் ரியூசனைத்தான் முதலில் நினைப்பார்கள், அதிலும் பிழையில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில். தகரக் கொட்டகைக்குள் வாங்கில் நெருக்கி இருக்கும் ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு ஒருவர் பலகையில் கணக்கைச் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள், அடுத்த கணக்கு வருகிறது, அதையும் அவரே செய்கிறார். செய்து காட்டுவதற்கும் பிள்ளை தானே செய்வதற்கும் நடுவே வரவேண்டிய அந்த மௌனமான ஐந்து நிமிடம் அங்கே கிடையாது, ஏனென்றால் அறுபது பிள்ளைகளை ஐந்து நிமிடம் சும்மா விட்டால் கொட்டகை கிளம்பிவிடும். கொப்பி நிறைந்துவிடும், பெற்றோருக்கும் திருப்தி. ஆனால் என் அளவுகோலின்படி பிள்ளை தெரியாத கணக்கோடு இருந்த நேரம் பூச்சியம்.

இன்னொன்றும் நடக்கிறது, அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. நேரத்தை மிச்சம் பிடிக்க, சொற்களைப் பிடித்துக் கணக்குச் செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "கூடுதல்" என்று வந்தால் கூட்டு, "மிகுதி" என்று வந்தால் கழி, "ஒவ்வொரு" என்று வந்தால் பெருக்கு. இலகுவான கணக்குகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ரவியிடம் 24 மாம்பழங்கள் உள்ளன. அது மாலதியிடம் உள்ளதிலும் 6 கூடுதலாகும். இருவரிடமும் உள்ள மொத்த மாம்பழங்கள் எத்தனை? சொல்லைப் பிடித்துப் பழகிய பிள்ளை "கூடுதல்" என்பதைக் கண்டதும் 24ஐயும் 6ஐயும் கூட்டி 30 மாம்பழத்தை மாலதிக்குக் கொடுத்துவிடும், பிறகு மொத்தம் 54 என்று எழுதும். இன்னும் அவசரக்காரப் பிள்ளை 30 என்றே எழுதிவிட்டுப் போய்விடும். இதே கணக்கை, "ஆரிட்டக் கூட இருக்கு? இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கோடு கீறு பாப்பம்" என்று கேட்டால், ரவிக்கு நீளக் கோடு, கீழே மாலதிக்குக் கட்டைக் கோடு, நடுவில் தொங்கும் துண்டு 6 என்று கீறி, மாலதிக்கு 18, மொத்தம் 42 என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடங்களில் 1980களில் இருந்து வசனக்கணக்குகளை இப்படிப் பட்டை கீறித்தான் பழக்குகிறார்கள். அதற்குச் சிங்கப்பூருக்குப் போகத் தேவையில்லை, சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று போதும்.

ரியூசன் தேடுகிறவர்கள் புள்ளிப் பட்டியலையும் வாசலில் தொங்கும் பதாகையையும் பார்ப்பதோடு நில்லாமல், ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது வெளியில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். யாருடைய குரல் கூடக் கேட்கிறது? பிழையான விடை சொன்ன பிள்ளையிடம் "எப்பிடிச் செய்தனீ?" என்று கேட்கிறாரா, அல்லது அடுத்த பிள்ளையைக் கை காட்டுகிறாரா? உங்கள் பிள்ளையின் கொப்பியில் வெட்டிய, அழித்த, திரும்பச் செய்த அடையாளம் இருக்கிறதா? முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பிழையும் இல்லாத ரியூசன் கொப்பி என்றால் அது பலகையைப் பார்த்து எழுதிய கொப்பி.

அடுத்தது பேப்பர், அதாவது கடந்தகால வினாத்தாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதல் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்தில் 40 வினா. அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் நல்ல பாடசாலைக்குப் போகவேண்டும் என்பதற்காக வந்த பரீட்சை அது. இன்றைக்கு வெட்டுப்புள்ளி வெளிவரும் நாளில் பெற்றோரின் முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதியது யார் என்று தெரியாது. அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பழக்கவேண்டும் என்று நினைத்துத்தான் வீட்டில் பேப்பர் கட்டுக்கட்டாகச் சேர்கிறது. பழக்கம் தேவைதான். நேரத்தைப் பார்த்து எழுதவும், தெரியாததை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு திரும்பி வரவும், வினாவைப் பிழையில்லாமல் வாசிக்கவும் கடந்தகால வினாத்தாள்களைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அதைத் தரம் 3இலேயே தொடங்குகிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் வராத கணக்கு தனக்கு வராத கணக்கு என்று எட்டு வயதிலேயே ஒரு பிள்ளை முடிவெடுத்துவிட்டால் அந்த முடிவை மாற்றப் பிறகு வருடக்கணக்கில் பாடுபட வேண்டும். நான் சொல்வது: பேப்பர் தரம் 5க்கு உரியது, அதுவும் கிழமைக்கு ஒன்று போதும். ஒரு நாள் நேரம் வைத்து எழுதட்டும். மிச்ச நாட்களில் அதே பேப்பரின் பிழைத்த கணக்குகளை மட்டும் எடுத்து, நேரம் பார்க்காமல், ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யட்டும். அதற்கு ஒரு தனிக் கொப்பி வைத்து, எங்கே பிழைத்தது என்பதைப் பிள்ளை தன் சொல்லிலேயே ஒரு வரியில் எழுதட்டும்: "கிராமை கிலோவாக்க மறந்திட்டன்", "கேள்வியைப் பாதிதான் வாசிச்சன்" என்று. கிழமைக்கு ஐந்து பேப்பர் செய்து ஐந்திலும் அதே பிழையை விடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஆறாவது பேப்பர் உதவாது.

அபகஸுக்கு வருவோம். யாழ் நகரைச் சுற்றி இப்போது பல இடங்களில் வகுப்பு நடக்கிறது, பிள்ளைகள் விரலைக் காற்றில் ஆட்டி எண்களைக் கூட்டும்போது பார்க்கப் பெரிய ஆச்சரியமாகத்தான் இருக்கும். மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி உள்ள யப்பானிய மணிச்சட்டம் அது; முதலில் கையால் மணியைத் தள்ளிப் பழகி, பிறகு சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். இந்தியாவின் வதோதரா நகரத்தில் சுமார் 200 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, 2016இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அபகஸ் பழகிய பிள்ளைகள் கூட்டல், கழித்தல் போன்ற எண்கணிதத்தில் மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறினார்கள், அது உண்மை. ஆனால் ஞாபகசக்தி, கவனம் போன்ற பொதுத் திறன்கள் கூடியதாக அந்த ஆய்வு காணவில்லை. "மூளை வளரும்" என்று துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை அப்படியே நம்பிச் சேர்க்கவேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கேள்விக்கு அபகஸ் எங்கே நிற்கிறது? கூட்டுறதோ கழிக்கிறதோ என்று கேட்கும் பிள்ளைக்கு அபகஸ் பதில் தராது. எதைச் செய்யவேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது கைகொடுக்கும். இன்னொரு பக்கம், 8ஐயும் 7ஐயும் கூட்ட இன்னும் விரலை எண்ணும் பிள்ளைக்கு வசனக்கணக்கில் யோசிக்க மனதில் இடமே மிஞ்சாது, அப்படிப்பட்ட பிள்ளைக்கு எண்களில் வேகம் வந்தால் தைரியமும் கொஞ்சம் வரும். பிள்ளை விரும்பிப் போகிறதென்றால், காசும் நேரமும் இருக்கிறதென்றால், விடுங்கள். விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. வாய்பாட்டையும் பத்தாக்கிக் கூட்டுவதையும் வீட்டிலேயே பழக்கலாம்.

போனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒரு பாடம் விளங்கவில்லை என்றால் யூடியூப்பில் ஒருவர் விளக்குவதைப் பார்க்கலாம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களும் இருக்கின்றன, செலவும் குறைவு. ஆனால் வீடியோவில் செய்பவர் இன்னொருவர், பார்ப்பவர் பிள்ளை. நிறுத்தி, தானே செய்து பார்த்து, பிறகு ஓடவிடும் பிள்ளைக்கு அது பிரயோசனம். அப்படிச் செய்ய வைக்க, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். பெரியவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் போனே தேவையில்லை.

இப்போது வீடு. இதைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன், இதைத்தான் பெற்றோர் கடைசியில் நினைக்கிறார்கள், "எனக்கே கணக்கு வராது, நான் என்னெண்டு சொல்லிக் குடுக்கிறது?" என்ற பயத்தில். அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. அமெரிக்காவில் எரின் மலோனி, சியான் பைலொக் முதலானோர் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்கில் பயமுள்ள பெற்றோர் வீட்டு வேலைக்கு அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த வருடத்தில் குறைவாகவே கற்றார்கள், பயமும் அவர்களுக்குக் கூடியது. அதே பயமுள்ள பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்புக் காணப்படவில்லை. இதை வாசித்துவிட்டுக் கையைக் கழுவிவிட வேண்டாம். நான் இதில் இருந்து எடுத்துக்கொள்வது வேறு: பயமுள்ள அம்மாவோ அப்பாவோ படிப்பிக்க வேண்டாம், கேட்டால் போதும். "எனக்கு விளங்கேல்லை, எனக்கொருக்காச் சொல்லித் தா பாப்பம்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும். நடுவில் அது தானே நின்று "இல்லை, பொறுங்கோ" என்று சொல்லித் திருத்தும்போது, நீங்கள் ஒரு கணக்கும் தெரியாமலே பெரிய வேலை செய்திருக்கிறீர்கள்.

வீட்டுக் கணக்குக்குப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். கத்தரிக்காய் கிலோ 320 ரூபாய், முக்கால் கிலோ எவ்வளவு, ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? இதில் பின்னம் இருக்கிறது, கிராம் இருக்கிறது, கழித்தல் இருக்கிறது, பிழைத்தால் காசு குறையும் என்பதால் பிள்ளைக்கு அக்கறையும் இருக்கிறது. நயினாதீவுக்குப் போகக் குறிகாட்டுவானில் படகுக்கு நிற்கும்போது கேளுங்கள்: ஒரு படகில் 40 பேர் ஏறலாம், இங்கே 130 பேர் நிற்கினம், எத்தனை படகு வேணும்? 3, மீதி 10 என்று பிள்ளை சொன்னால் "அந்தப் பத்துப் பேரும் என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கொப்பியில் மீதியை எழுதிவிட்டு முடிக்கும் பிள்ளை, கரையில் விடப்பட்ட பத்துப் பேரைப் பார்த்த பிறகு 4 என்று சொல்லும். அப்பப்பாவிடம் காணியைப் பற்றிக் கேட்கவிடுங்கள்: 16 பரப்பு ஒரு ஏக்கர் என்றால் எங்கள் 4 பரப்பு ஏக்கரில் எத்தனையில் ஒரு பங்கு? பின்னம் என்றால் வட்டத்தை வெட்டி நிறம் தீட்டுவது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு அது வளவில் நிற்கும்.

கொஞ்சம் கடினமான ஒன்றையும் சொல்கிறேன், தரம் 4, 5 பிள்ளைகளோடு நான் ஆசையாகச் செய்யும் கணக்கு. நுங்குக் காலத்தில் ஒரு பெட்டியில் 15 நுங்கு இருக்கிறது. சிலவற்றில் மூன்று கண், சிலவற்றில் இரண்டு கண். மொத்தம் 41 கண். மூன்று கண் நுங்கு எத்தனை? இதற்குக் கூட்டுவதா கழிப்பதா என்று ஒருவராலும் உடனே சொல்ல முடியாது, அதுதான் இதன் அழகு. பிள்ளையை விட்டுவிடுங்கள். ஒன்று ஊகித்துப் பார்க்கும்: பத்து மூன்று கண், ஐந்து இரண்டு கண் என்றால் 40, ஒன்று குறையுது. இன்னொன்று 15 வட்டம் கீறி, எல்லாவற்றிலும் முதலில் இரண்டு இரண்டு கண் போட்டு, 30 முடிந்தது, இன்னும் 11 இருக்கிறது என்று ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும். 11 நுங்கு. இரண்டு பிள்ளைகளும் தங்கள் வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டும்போது நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரே விடைக்கு இரண்டு பாதை இருக்கிறது என்று கண்ட பிள்ளை, ஒரு பாதை அடைபட்டால் அழாது.

1945இல் ஜோர்ஜ் பொல்யா என்ற ஹங்கேரியக் கணிதவியலாளர் கணக்குத் தீர்ப்பதை நாலு படியாகச் சொன்னார்: விளங்கிக்கொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். எங்கள் வீடுகளிலும் வகுப்புகளிலும் மூன்றாவது படி மட்டும்தான் நடக்கிறது. முதலாவது படிக்கு, கணக்கை மூடி வைத்துவிட்டுக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், எண்களே இல்லாமல். கடைசிப் படிக்கு, "இந்த விடை நடக்கக்கூடியதோ?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் நிறை 350 கிலோ என்று விடை வந்தால் அதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

வீட்டில் இன்னும் ஒன்று கவனிக்கவேண்டும், பாராட்டு. 1998இல் கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த ஆய்வுகளில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான வடிவப் புதிர்களில் தோற்ற பிறகு சீக்கிரம் கைவிட்டார்கள், அடுத்து வந்த இலகுவானவற்றிலும் முன்னரைவிடக் குறையச் செய்தார்கள். "நல்லாப் பாடுபட்டுச் செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். எங்கள் ஊரில் கெட்டிக்காரன், மொக்கன் என்ற இரண்டு பட்டமும் ஐந்து வயதிலேயே பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடுகிறது. இரண்டுமே கெடுதல் செய்யும். "படம் கீறிப் பாத்தது நல்ல யோசினை" என்று, செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டுத்தான் நாங்கள் இவ்வளவும் பேசுகிறோம். ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறார், உங்கள் பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ரியூசன் ரீச்சரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் "என்ன புள்ளி?" என்று கேட்பதற்குப் பதிலாக "கணக்கில எந்த இடத்தில யோசிக்குது ரீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். இடப்பெறுமானமா, வகுத்தலா, அல்லது தமிழில் வசனத்தை வாசித்து விளங்குவதே சிக்கலா? கடைசியாகச் சொன்னது நினைப்பதைவிட அதிகம். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ரியூசன் தேவையில்லை, கதைப்புத்தகம் தேவை.

ஆகவே எதைத் தெரிவு செய்வது? தரம் 1 முதல் 3 வரை என்றால் வீடும் பள்ளிக்கூடமும் போதும், ரியூசன் காசை மிச்சம் பிடியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, கால் மணித்தியாலம். உங்களுக்குக் கோபம் வரும் என்றால் அம்மம்மாவையோ மாமாவையோ இருத்துங்கள்; கத்தும் வீட்டில் செய்யும் கணக்கைவிடக் கணக்கில்லாத பின்னேரம் நல்லது. தரம் 4இல், பெற்றோர் இருவரும் வேலையால் ஆறு மணிக்குத்தான் வருகிறார்கள் என்றால், பெரிய கொட்டகையைத் தேடாமல், அயலில் ஒரு ரீச்சரைப் பிடித்து நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கிழமைக்கு இரண்டு நாள் இருத்துங்கள். நாலைந்து பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கொடுக்கும்போது தனிவகுப்பு அளவுக்குச் செலவும் வராது, பிள்ளைகளுக்குத் தங்கள் வழியைச் சொல்லிக் காட்ட ஆளும் இருக்கும். அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கொப்பி நிறையாவிட்டாலும் பரவாயில்லை என்று. பல ரீச்சர்மார் கொப்பியை நிறைப்பது பெற்றோருக்குப் பயந்துதான்.

தரம் 5இல் இருப்பவர்களுக்கு இவ்வளவு ஆறுதலாக யோசிக்க நேரமில்லை என்று தெரியும். பிள்ளை ஏற்கெனவே ஒரு பெரிய ரியூசனுக்குப் போகிறதென்றால் நடுவில் நிறுத்தத் தேவையில்லை, சிநேகிதர்கள் அங்கே இருப்பார்கள். ஆனால் இரண்டாவது ரியூசனைச் சேர்க்காமல் அந்த நேரத்தைப் பிழைத்த கணக்குகளுக்குக் கொடுங்கள். பரீட்சைக்கு முந்திய நாட்களில் பரீட்சைத் திணைக்களமே ரியூசன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நிறுத்தச் சொல்கிறது. அந்த நாட்களில் புதுப் பேப்பர் ஒன்றையும் வீட்டுக்குள் எடுக்கவேண்டாம். பிழைக் கொப்பியை மட்டும் பிள்ளை தானே புரட்டட்டும், முதல் தரம் பிழைத்துப் பிறகு தானே செய்து முடித்த கணக்குகள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. எட்டு மணிக்குப் படுக்க விடுங்கள்.